எலும்பு வழிவிடும் வேகம்

பல்லுக்குக் கிளிப் போட்ட அன்று பகலில் பெரிதாக வலிக்காது. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, எண்ணூர், மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்கும்வரை பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் உதட்டின் உட்புறம் எதுவோ உரசுகிற கூச்சம்தான். ராத்திரிச் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கும். குழைந்த சோற்றைக் கடித்தால்கூடப் பல் கூசும். மறுநாள் வலி உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்லத் தணிந்து, ஒரு வாரத்தில் மறந்தே போகும். கம்பியைக் கட்டிய நொடியிலேயே இழுவிசை முழுவதும் பல்லின்மேல் ஏறிவிட்டது. அப்படியிருக்க வலி மட்டும் ஏன் இத்தனை மணி நேரம் பிந்தி வருகிறது?

கம்பி இழுப்பதால் நேரடியாக வருகிற வலி அல்ல அது. பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் உயிருள்ள திசு தான் நசுக்கப்படுவதை உணர்ந்து, புரோஸ்டாகிளாண்டின் முதலான வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. அவை நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. இந்தச் சுரப்புக்குச் சில மணி நேரம் பிடிக்கும், அதனால்தான் வலியும் தாமதமாகிறது. வலியைக் கொண்டுவரும் அதே வேதிப்பொருட்கள்தான் பல் நகர்வதற்கான வேலையையும் தொடங்கிவைக்கின்றன. ஆகவே, அவற்றைத் தடுக்கும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் பல் நகர்வும் மந்தப்படக்கூடும் என்று மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும் என்று அவர்கள் சொல்வது இதனால்தான்.

பல் தாடை எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் ஆரோக்கியமான பல் எலும்பைத் தொடுவதே இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அதற்குள் நெருக்கமாகப் பின்னிய நார்கள், ரத்தக்குழாய்கள், நரம்புகள், திரவம், பலவகைச் செல்கள். இதைப் பற்சூழ் நார் என்கிறோம். சோற்றில் கிடக்கும் ஒரு மணல் துகளைக் கடித்த மாத்திரத்தில் உணர்ந்து தாடையை நிறுத்தவைப்பது இதுதான். கம்பிச் சிகிச்சை முழுவதும் இந்த 0.2 மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது. இதற்குச் சான்று வேண்டுமென்றால் செயற்கைப் பல்லுக்காகத் தாடையில் திருகும் டைட்டானியம் இம்பிளாண்டைப் பாருங்கள். அதைச் சுற்றி நார் இல்லை, எலும்பு நேராக அதன்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. எத்தனை வருஷம் கம்பி கட்டி இழுத்தாலும் இம்பிளாண்ட் வழக்கமான பல்லைப்போல் நகர்ந்து போகாது.

பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, போகும் திசையிலுள்ள நார் அமுங்குகிறது, எதிர்ப்பக்கத்து நார் இழுபடுகிறது. அமுங்கிய பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் பெரிய, பல உட்கருக்கள் கொண்ட செல்கள் வந்து எலும்பின் மேல் உட்காருகின்றன. அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கின்றன, நொதிகளால் புரதத்தை அரிக்கின்றன. எலும்பின் பரப்பில் சிறு சிறு குழிகள் விழுகின்றன. இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைப் படியவைக்கின்றன. முன்னால் எலும்பு கரைய, பின்னால் எலும்பு வளர, பல் தன் குழியையும் கூடவே அழைத்துக்கொண்டு இடம் மாறுகிறது. சுவீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904, 1905 ஆண்டுகளில் நாய்களின் பல்லுக்கு விசை கொடுத்து, திசுவை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்து இதை எழுதிவைத்தார். விசை அதிகமான இடத்தில் நார் உயிரற்றுக் கண்ணாடிபோல் வெளிறிக் கிடந்ததையும் அவர் அப்போதே கண்டார்.

கிளிப் போட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லா ஊரிலும் கேட்கிற ஒரு கேள்விக்கு விடை அந்த வெளிறிய நாரில்தான் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க டாக்டர், சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" முடியாது. கூடுதல் நாள்தான் ஆகும். ஆஸ்திரிய மருத்துவர் ஷ்வார்ஸ் 1932-ல் சொன்ன கணக்கு எளிமையானது. நாரிலுள்ள நுண் ரத்தக்குழாய்களின் அழுத்தத்தை மீறாமல் தள்ள வேண்டும், அதாவது வேர்ப்பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 முதல் 26 கிராம் வரை. அதைத் தாண்டினால் ரத்த ஓட்டம் நின்று அந்த இடத்து நார் செத்துப்போகும். செத்த திசுவுக்குள் ஆஸ்டியோகிளாஸ்ட் வர வழியில்லை. பிறகு எலும்பின் உட்புறமிருந்து, மஜ்ஜைப் பக்கமாகச் சுற்றி வந்து அரித்தெடுக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வாரங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை பல் நகராமல் நிற்கும், வலி மட்டும் மிஞ்சும். விசை எல்லை மீறினால் வேரின் நுனியே கரைந்து குட்டையாகும் ஆபத்தும் கூடுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலுள்ள ரோலிங் மில்களில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டால், வெளியே வரும்போதே கம்பியின் வடிவம் தீர்மானமாகிவிடும். பலத்தைக் கூட்டினால் வேலை வேகமாகும். பல் வரிசையில் அந்த நியாயம் செல்லாது. இங்கே வடிவம் மாறுவது செல்கள் வேலை செய்வதால். அவற்றுக்கு ரத்தம் வேண்டும், நேரம் வேண்டும். இன்று பாடநூல்கள் சொல்லும் அளவு, ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம், வேரோடு நேராக நகர்த்த 70 முதல் 120 கிராம், உள்ளே அமுக்க வெறும் 10 முதல் 20 கிராம். எல்லாம் சரியாக நடந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கிடைக்கும்.

இன்னொரு புதிரும் இதிலேயே தெளிவாகிறது. கரும்பைக் கடிக்கும்போது கடைவாய்ப் பல்லின்மேல் பல கிலோ பாரம் விழுகிறது, பல் நகர்வதில்லை. ராத்திரி தூக்கத்தில் கட்டைவிரலைச் சூப்பும் குழந்தைக்கோ முன்பற்கள் எடுப்பாகிவிடுகின்றன. கடிக்கும் விசை ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. அதற்குள் நாரிலுள்ள திரவமே அதைத் தாங்கிவிடுகிறது. விரலின் விசை சிறிது, ஆனால் மணிக்கணக்கில் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும் விசை பல்லை அசைப்பதில்லை என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட தோராயமான வரம்பு. எப்போதும் படிந்திருக்கும் நாக்கும் உதடும் பல் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பதும் இவ்வாறே. ஆக, இந்தச் சிகிச்சையில் பலத்தைவிட நேரத்துக்கே மதிப்பு அதிகம். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற எல்லாம் புரியும்.

நேரம் என்பது பொன்னேரிக் குடும்பங்களுக்கு வெறும் காலண்டர் கணக்கு இல்லை. தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. 1953-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியது. அங்கே முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கம்பி கட்டுகிறார்கள். பொன்னேரியிலிருந்து சென்ட்ரலுக்குச் சுமார் 35 கிலோமீட்டர். தூரம் பெரிதல்ல. ஆனால் சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு வருஷம், மாதம் ஒருமுறையாவது போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பிள்ளைக்குப் பள்ளி போகும், கூடப் போகிறவருக்கு அன்றைய கூலியோ ஷிஃப்டோ போகும். இரண்டு மாதம் போகாமல் விட்டால் பல் அந்த இடத்திலேயே நிற்கும், அல்லது போகக்கூடாத பக்கம் போகும். பாதியில் கைவிடப்படும் சிகிச்சைகளைச் சோம்பலின் கணக்கில் எழுதுவது அநியாயம் என்று நினைக்கிறேன். வசதியுள்ளவர்களின் எலும்பும் இல்லாதவர்களின் எலும்பும் ஒரே வேகத்தில்தான் கரைகிறது. அந்த வேகத்தோடு ஒத்துப்போக யாரால் முடிகிறது என்பதில்தான் வித்தியாசம். தாலுகா மருத்துவமனைகளிலேயே மாதாந்தரச் சரிபார்ப்பு கிடைத்தால் எத்தனையோ பிள்ளைகளின் சிகிச்சை முழுமையடையும்.

அழகுக்காகத்தானே என்று இதை ஒதுக்கிவிடவும் கூடாது. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்தியிருக்கும் பிள்ளைகளுக்கு, விழும்போது பல் உடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நெருக்கியடித்து நிற்கும் பற்களுக்கு நடுவே பிரஷ் நுழையாது, சொத்தையும் ஈறு நோயும் வரும். வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிய பெண்பிள்ளைகளின் சங்கடமும் என் பார்வையில் சின்ன விஷயம் இல்லை.

*

பல் ஏன் கோணலாகிறது என்ற கேள்வி நம்மைப் பொன்னேரிக்கு மேற்கே, கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு அழைத்துப்போகிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் தோண்டி, 2011-ல் வெளியிட்ட காலக்கணக்கின்படி, அடியிலுள்ள கருவிகள் குறைந்தது 10 லட்சம், சராசரியாகச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை. விலங்குகளின் பற்கள் சில கிடைத்திருக்கின்றன, மனிதத் தாடை கிடைக்கவில்லை. அந்தக் கற்கருவிகளைச் செய்தவர்களின் பல்வரிசை எப்படியிருந்தது என்பதை நாம் வேறு இடங்களின் புதைபடிவங்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். வேட்டையாடி வாழ்ந்த மக்களின் தாடைகளில் பற்கள் பொதுவாக நெருக்கமின்றி, தேய்ந்து, வரிசையாக நிற்கின்றன. நெருக்கடி என்பது விவசாயத்துக்கும், அதைவிட ஆலைத் தொழில் காலத்துக்கும் பிறகுதான் பரவலாகிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ரேமண்ட் பெக் 1954-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பழங்குடியினரின் மண்ணும் நாரும் கலந்த உணவு பற்களை மேற்பரப்பில் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் தேய்த்தது, அதனால் வரிசையின் மொத்த நீளம் குறைந்து இடம் கிடைத்தது. நமக்கு அந்தத் தேய்மானம் இல்லை. எனவே இடத்துக்காகச் சில பற்களை எடுத்துவிடுவது இயற்கைக்கு முரண் அல்ல என்றார். அவர் உருவாக்கிய மெல்லிய உருண்டைக் கம்பி முறை இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நீண்ட காலம் கோலோச்சியது. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய கம்பிச் சிகிச்சை நிபுணர்களில் பலர் பெக் முறையில்தான் கை பழகியவர்கள்.

தேய்மானத்தைவிடத் தாடையின் வளர்ச்சியே முக்கியம் என்பது பிற்காலச் சான்றுகளின் பக்கம். ராபர்ட் கொருச்சினி இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து சண்டிகர் பகுதியில் கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டு 1983-ல் எழுதினார். இரு தரப்பும் ஒரே மக்கள்தான், உணவு மட்டும் வேறு. கரடுமுரடான உணவை மென்று வளர்ந்த கிராமத்துப் பிள்ளைகளிடம் பல் கோளாறு குறைவாக இருந்தது. டேனியல் லீபர்மன் குழு 2004-ல் ஹைராக்ஸ் என்ற சிறு விலங்குகளுக்கு மிருதுவாக வேகவைத்த உணவு கொடுத்து வளர்த்தபோது, முகத்தின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாக வளர்ந்தது. பல்லின் அளவை மரபணு முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறது. தாடையின் அளவோ சிறுவயதில் எவ்வளவு மெல்லுகிறோம் என்பதையும் பொறுத்திருக்கிறது. பெரிய பல், சின்னத் தாடை: இடநெருக்கடிக்கு இதுவே பெரிய காரணம். மற்றக் காரணங்களும் உண்டு. பரம்பரை உண்டு. பால்பல் சொத்தையாகி முன்கூட்டியே விழுந்தால், பின்னாலிருக்கும் ஆறாம் வயதுக் கடைவாய்ப் பல் முன்னே சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. "விழப்போற பல்லுதானே" என்று பால்பல் சொத்தையை விட்டுவிடும் வீடுகளில் பின்னாளில் கிளிப் தேவைப்படுவது இப்படித்தான்.

நாம் தெத்துப்பல் என்று செல்லமாகச் சொல்வதும் இந்த இடநெருக்கடியின் விளைவே. மேல்தாடையில் கோரைப்பல் 11, 12 வயதில், தன் அக்கம்பக்கத்துப் பற்கள் எல்லாம் முளைத்துவிட்ட பிறகு வருகிறது. அதற்கான இடம் அதற்குள் போய்விட்டால் ஈறின் மேட்டில் எட்டிப்பார்த்து நிற்கும். சிலருக்கு அது அழகு. தொந்தரவு இல்லாதவரை அப்படியே விட்டுவிடுவதில் தவறில்லை.

*

கம்பியின் கதைக்கு வருவோம். பல்லை விரலால் தள்ளியே சரிசெய்யலாம் என்று ரோமானியரான செல்சஸ் எழுதினார். பிரான்ஸின் ஃபோஷார் 1728-ல் உலோகப் பட்டையோடு நூலால் கட்டினார். இத்துறைக்கு முறையான இலக்கணம் வகுத்தவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899-ல் மேல், கீழ் முதல் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை வைத்துக் கோளாறுகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். இன்றும் நம் ஊர் கேஸ் ஷீட்டில் அதே வகுப்பு எண்தான். 1925-ல், கம்பியைப் பல்லோடு பிடித்துவைக்கும், செவ்வகப் பள்ளம் கொண்ட பிராக்கெட்டுக்குக் காப்புரிமை கோரினார். பள்ளத்தின் அளவு 0.022-க்கு 0.028 அங்குலம். நூறாண்டு கழித்தும் அந்த 0.022 மாறவில்லை. உருண்டைக் கம்பி பல்லைச் சாய்க்கத்தான் முடியும். செவ்வகக் கம்பி செவ்வகப் பள்ளத்தில் சற்றே முறுக்கி உட்காரும்போது, ஈறுக்குள் ஒளிந்திருக்கும் வேரையும் திருப்ப முடிகிறது. வெளியே தெரியும் பல் நேராகிவிட்ட பிறகும் "இன்னும் ஆறு மாசம்" என்று மருத்துவர் சொன்னால், அவர் பெரும்பாலும் வேரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆங்கிள் காலத்தில் கம்பி தங்கக் கலவை. 1930-களுக்குப் பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்தது. ஸ்டீலில் ஒரு குறை. கோணலாக நிற்கும் பல்லில் கட்டினால் முதலில் அளவுக்கு மீறி இழுக்கும், பல் கொஞ்சம் நகர்ந்ததும் இழுவை சட்டென்று விழுந்துவிடும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் 1959 வாக்கில் உருவாக்கிய நிக்கல்-டைட்டானியம் கலவைதான் இதை மாற்றியது. மடித்துக் கசக்கிய அதன் பட்டை ஒன்றை ஒரு கூட்டத்தில் கைமாற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஒருவர் பைப் பற்றவைக்கும் லைட்டரால் சூடு காட்டினார். பட்டை விறைத்து நீண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பியது. ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970-களின் தொடக்கத்தில் அந்த உலோகத்தைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு வளைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு இழுவை தரும் மேம்பட்ட வகைகள் 1980-களின் நடுவில் வந்தன. இன்று முதல் நாள் கட்டும் மெல்லிய கம்பி பெரும்பாலும் இதுதான். வாயின் சூட்டில் விறைக்கும் வகைகளும் உண்டு. ஐஸ் தண்ணீர் குடித்தால் சில நிமிடம் கம்பி தளர்ந்து வலி குறைகிறது என்று பிள்ளைகள் சொல்வதற்கு உலோகத்திலேயே காரணம் இருக்கிறது.

பிராக்கெட்டை ஒட்டும் கலை இதைவிட அமைதியாக வந்த புரட்சி. 1955-ல் மைக்கேல் புவோனகோர் எனாமல்மேல் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் நுண்ணிய குழிகள் விழுந்து பிசின் பிடிக்கும் என்று காட்டினார். அதற்கு முன் ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்ட வேண்டியிருந்தது. இந்த ஒட்டு வேண்டுமென்றே அளவோடு வைக்கப்படுகிறது. மிகப் பலமாக ஒட்டினால் கழற்றும்போது எனாமலே பெயர்ந்து வந்துவிடும். அதனால்தான் முறுக்கும் சீடையும் கடலை மிட்டாயும் வேண்டாம் என்கிறார்கள். பழவேற்காட்டு நண்டுக்காலைக் கடித்து உடைக்கிற ஆசையையும் ஒத்திப்போடத்தான் வேண்டும், சதையை எடுத்து யாராவது கொடுத்தால் சாப்பிடலாம். ஒரு பிராக்கெட் கழன்றால் அந்தப் பல்லின் நகர்வு நின்றுபோகும், இன்னொரு ரயில் பயணமும் கூடும். அதைவிடப் பெரிய சேதம் பிராக்கெட்டைச் சுற்றிப் படியும் அழுக்கால் வரும் வெள்ளைத் திட்டு. சொத்தையின் முதல் கட்டம் அது. கம்பி கழற்றிய பிறகும் நேரான பல்லின்மேல் தங்கிவிடும். சாப்பிட்டவுடன் பல் தேய்ப்பதும் ஃபுளோரைடு பேஸ்டும் கம்பியைவிடக் குறைந்த முக்கியத்துவம் உள்ளவை அல்ல.

பல்லை நகர்த்த எதையாவது பிடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். கோரைப்பல்லைப் பின்னே இழுத்தால், பிடிமானமாக நிற்கும் கடைவாய்ப் பல் அதே விசையில் முன்னே வரப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி வாய்க்குள்ளும் செல்லும். இடத்துக்காக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, அந்த ஏழு மில்லிமீட்டர் இடைவெளியில் எவ்வளவு முன்பல்லுக்கு, எவ்வளவு கடைவாய்ப் பல்லுக்கு என்று பங்கிடுவதில்தான் மருத்துவரின் தேர்ச்சி தெரியும். நார் இல்லாததால் நகராது என்று முன்பே பார்த்த டைட்டானியத்தை இங்கே சாதகமாக்கிக்கொண்டார்கள். எலும்பில் சிறு திருகாணி ஒன்றைப் பதித்து அதைப் பிடிமானமாக வைத்து இழுத்தால் கடைவாய்ப் பல் தன் இடத்தில் நிற்கும். நல்ல பற்களை ஏன் பிடுங்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பது நியாயம். எல்லோருக்கும் பிடுங்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேயையும் அச்சையும் வைத்து இடத்தை அளந்து காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முன்பல் நடுவே உள்ள இடைவெளியை மூட, இரண்டு பல்லைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடும் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். வேர் மேலே போகப் போகக் கூம்புவதால் ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். வெளியே தெரியாது. உள்ளே நாரையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே போய், இரண்டு நல்ல பற்களும் ஆடி விழுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கின்றன.

கம்பியைக் கழற்றும் நாள் குடும்பத்துக்கே கொண்டாட்டம். எலும்பு அப்போது பாதி வேலையில்தான் இருக்கும். நார்கள் புது இடத்துக்கேற்பத் திருந்த மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறுக்குள் பல்லைச் சுற்றி ஓடும் மீள்தன்மை கொண்ட நார்களோ ஒரு வருஷம்வரை பழைய இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். திருகியிருந்து நேராக்கிய பற்களுக்கு இந்த இழுவை இன்னும் வலுவானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் சகாக்களும் பல் எடுத்துச் சிகிச்சை செய்தவர்களை, பல்லைப் புது இடத்தில் பிடித்துவைக்கும் ரிடெய்னரை நிறுத்திப் பத்தாண்டு கழித்துப் பார்த்து 1981-ல் எழுதினார்கள். கீழ் முன்பற்கள் திருப்தியான வரிசையில் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களிடமே. கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன. பற்சூழ் நார் அறுபது வயதிலும் உயிரோடிருக்கிறது, விசைக்குச் செவிசாய்த்துக்கொண்டே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து சொந்தச் சம்பளத்தில் முப்பது வயதில் கிளிப் போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சிகிச்சை பலிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ரிடெய்னர் வேண்டும். கழற்றி மாட்டும் வகையை முதல் சில மாதம் சாப்பிடும் நேரம் தவிர எப்போதும், பிறகு இரவில் மட்டும் என்று பல வருஷம் போட வேண்டும். அதைச் சுடுதண்ணீரில் கழுவினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். சாப்பிடும்போது டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும், தனி டப்பா வைத்துக்கொள்வது நல்லது. மறதிக்காரப் பிள்ளைகளுக்குக் கீழ் முன்பற்களின் உட்புறம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். உடைந்தாலோ தொலைந்தாலோ அடுத்த விடுமுறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போய் வேறொன்று செய்துகொள்ளுங்கள், ரிடெய்னர் இல்லாத இரவுகளில் பல் நகரத் தொடங்கிவிடும்.